மூக்கம்மாள் கழித்த கம்பளிகள்

நாரணாபுரத்துக்கு அருகே ஒரு பட்டாசுக் கம்பெனியின் வாசலில் மூக்கம்மாளுக்கு வேலை. காலையில் வேன்கள் வந்து நின்றதும் பெண்கள் வரிசையாக இறங்கி வருவார்கள். ஒவ்வொருத்தியின் கொண்டையிலும் கைவிட்டு ஊசி இருக்கிறதா என்று பார்ப்பாள். கொலுசு, ஊக்கு, செல்போன் எல்லாவற்றையும் வாங்கி மரப்பெட்டியில் போடுவாள். கடைசியாகச் சேலை முந்தியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒருதரம் தேய்ப்பாள். பருத்தியாக இருந்தால் தலையசைப்பாள். உரசினால் பொறி கிளம்புகிற பூனம் சேலையாகவோ நைலான் கலந்ததாகவோ இருந்தால் "திரும்பு" என்பாள். அதற்குமேல் பேச்சு கிடையாது.

திருப்பி அனுப்பினால் அன்றைய கூலி போய்விடும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அதனால் உட்காருகிற புளியமரத்தடியில் ஒரு துணிப்பையைத் தொங்கவிட்டிருந்தாள். அதில் வெளுத்துப்போன பருத்திச் சேலைகள் சில இருக்கும். திரும்பச் சொன்னவள் முகம் வாடி நின்றால் பையைக் காட்டுவாள். கேட்டுக்கு வெளியே இருக்கிற சாப்பாட்டுக் கொட்டகைக்குப் போய் மாற்றிக்கொண்டு வரலாம். சாயங்காலம் துவைத்துத் தரவேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.

புதிதாகக் கல்யாணமாகி வந்த அழகுமீனா ஒருநாள் அந்தப் பையைப் பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தாள்.

"எக்கா, இதைக் கட்டிக்கிட்டு உள்ள போனா என்னை எங்க மாமியான்னு நெனச்சிருவாக."

"நெனச்சா நெனக்கட்டும்" என்றாள் மூக்கம்மாள். "உங்க மாமியாளும் இந்தச் சேலையக் கட்டுனவதான்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மூக்கம்மாள் சிரிக்கவில்லை. அடுத்தவளின் முந்தியை விரல்களுக்கு நடுவில் எடுத்திருந்தாள்.

அவள் முன்பு தாயில்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் பூச்சட்டிக்கு மருந்து செலுத்துகிற வேலையில் இருந்தாள். தங்கச்சி அய்யம்மாளும் அதே ரூமில்தான். தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்த ஒருநாள், சடங்கு வீட்டில் தங்கியிருந்த அய்யம்மாள் உடுத்தியிருந்த பூனம் சேலையோடு நேராக வேலைக்கு வந்துவிட்டாள். ஆர்டர் அவசரம். வாசலில் யாரும் பார்க்கவில்லை. மூக்கம்மாள் பார்த்தாள். "புதுசா, நல்லாருக்குடி" என்று சொன்னாள். மத்தியானத்துக்கு முன்னால் மருந்தில் புஸ்ஸென்று ஒரு சீறல். பெரிய விபத்து என்று யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவர்களுக்குக் காலிலும் கையிலும் சுட்டது, ஆறிவிட்டது. அய்யம்மாளின் சேலை மட்டும் உருகி உடம்பில் ஒட்டிக்கொண்டது. அதைப் பிய்த்தெடுக்கப் போன மூக்கம்மாளின் இடது கையில் இரண்டு விரல்கள் இன்றும் மடங்காது.

ஆஸ்பத்திரியில் அய்யம்மாள் கிடந்த நாட்களில் ஊர் வேதக்கோயில் பெண்கள் முறைவைத்து வந்து உட்கார்ந்தார்கள். கஞ்சி கொண்டுவந்தார்கள், ஜெபம் பண்ணினார்கள், சாவுக்கும் வந்து நின்றார்கள். அதற்குப் பிறகு மூக்கம்மாள் அவர்களோடு கோயிலுக்குப் போக ஆரம்பித்தாள். ஞானஸ்நானத்தில் மார்த்தாள் என்று பேர் வைத்தார்கள். சபைக் குருவானவரை அந்தப் பக்கம் ஐயரவர்கள் என்பார்கள். அவர் ஒருவர்தான் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். புருசன் தனுஷ்கோடி வேதத்துக்கு மாறவில்லை. ஆடு மேய்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமை ஆடுகளை ஓட்டிக்கொண்டு கோயில் சுவர் ஓரமாகப் போகும்போது பாட்டுச் சத்தம் கேட்டால் கொஞ்சம் நின்றுவிட்டுப் போவான்.

ஆமத்தூருக்குத் தெற்கே இருக்கிற அவர்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வேன் வருவதற்கு முன்னால் கோயில் மணி அடிக்கும். வேலைக்குப் போகிறவர்கள் சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே வந்து முழங்காலில் நிற்பார்கள். ஜெபம் நீளமாக இருக்காது. "போனவங்க போனபடியே திரும்பி வரணும், ஆண்டவரே" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் ஆமென் சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்கள். ஆமத்தூர்ச் சாலையில் வேனின் ஹாரன் கேட்கும்.

மூக்கம்மாள் ஒரு மே மாதத்திலிருந்து அந்த ஜெபத்தோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டாள்.

அந்த ஊரில் தீப்பெட்டி ஒட்டியவரின் மகன் எழில். படித்து முடித்து மிஷனரியாகப் பர்மா எல்லையை ஒட்டிய மலைக்குப் போனவன். எல்லைக்கு அப்பாலிருந்து ஓடிவந்த ஜனங்களின் பிள்ளைகளுக்கு அங்கே பாடம் சொல்லிக்கொடுக்கிறான். விடுமுறைக்கு வந்தபோது கோயில் சுவரில் வெள்ளை வேட்டி கட்டிப் படம் காட்டினான். அவர்களுடைய ஊர்களில் பட்டாளத்துக்காரர்கள் வந்து கோயில்களைக் கொளுத்திவிட்டார்கள். கூரையில்லாத ஒரு கோயில், கரிந்த சுவரில் சிலுவை இருந்த தடம். அடுத்த படத்தில் தார்ப்பாய்க் குடிசைக்கு முன்னால் ஒரு பெண், மடியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். மூக்கம்மாள் எழுந்து படத்துக்குக் கிட்டத்தில் போனாள். அவள் நிழல் படத்தின்மேல் விழுந்தது. பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொன்னார்கள்.

"தம்பி, இவ கழுத்துல இருக்கது வெந்நீர் பட்டது இல்லையே" என்றாள்.

இல்லை என்றான் எழில். ஆராதனை நேரத்தில் தீ வைத்தார்கள். உள்ளே மாட்டிக்கொண்ட பிள்ளையை எடுக்கப் போனவள். கோயிலுக்கென்று போட்டிருந்த நல்ல சட்டை பற்றிக்கொண்டது. அதற்குமேல் அவன் சொல்லவேண்டியிருக்கவில்லை. தோல் எப்படிச் சுருங்கினால் துணி ஒட்டியது என்று அர்த்தம் என்பது மூக்கம்மாளுக்குத் தெரியும்.

அவளுடைய பேரை எழில் இரண்டு தடவை சொன்னான். மூக்கம்மாள் வாயில் அது நிற்கவில்லை. மறுநாள் காலை முழங்காலில் நின்றபோது "மலைக்காரி" என்றே சொன்னாள். ஆண்டவருக்குத் தெரியும் யாரென்று. மலைக்காரியையும் அவளோடு இருக்கிறவர்களையும் தீ வைக்கிறவன் கையிலிருந்து காப்பாற்றும் என்று கேட்டாள். அன்றிலிருந்து உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை அவர்களுக்கென்று தனிக் கலயத்தில் போட்டுவந்தாள். மாதக் கடைசி ஞாயிறு அந்த அரிசி கோயிலில் ஏலம் போகும். வந்த காசு எழில் மூலமாக மலைக்குப் போகும். பார்த்துவிட்டு வேறு சில பெண்களும் கலயம் வைத்தார்கள்.

எல்லோருக்கும் அது பிடித்திருந்தது என்று சொல்லமுடியாது. சபைக் கமிட்டியில் இருந்த சோணைமுத்து, நம்ம ஊர் வெடிக்கு ஜெபம் பண்ணவே நேரம் போதவில்லை, பர்மா வெடியையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்டார். ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறபோது நீட்டி ஜெபம் பண்ணினால் யாருக்கும் எரிச்சல் வரும். மூக்கம்மாள் மறுநாளும் சேர்த்தே ஜெபித்தாள்.

புரட்டாசியில் கோயிலில் ஸ்தோத்திரப் பண்டிகை. அந்த வருசம் மலைக்குத் துணி அனுப்பலாம் என்று ஐயரவர்கள் அறிவித்தார். எழிலிடம் கேட்டதற்கு, உடுத்துகிற மாதிரி நல்ல துணியாக இருந்தால் போதும் என்றானாம். மூட்டை மூட்டையாக வந்தது. சபையார் கொடுத்தது போக, சிவகாசியில் அச்சகம் வைத்திருந்த ஒரு வீட்டம்மாள், சபையைச் சேராதவர், விசயம் கேள்விப்பட்டு ஒரு ஆட்டோ நிறையக் கம்பளிகளும் சுவெட்டர்களும் அனுப்பிவைத்தார். கொடைக்கானலில் அவர்களுக்கு வீடு இருந்ததாம். பூப்போட்ட, பளபளக்கிற, பூனை முதுகு மாதிரி வழவழப்பான கம்பளிகள்.

துணி பிரிக்கிற வேலையை ஐயரவர்கள் மூக்கம்மாளிடம் விட்டார். வேறு யாரிடம் விடுவார்? விரல் வைத்தே சொல்லிவிடுகிறவள். அவளும் விரலை மட்டும் நம்பவில்லை. கோயிலுக்குப் பின்னால், காற்றுக்கு மறைவாக உட்கார்ந்து, சந்தேகம் வந்த ஒவ்வொரு துணியிலும் ஒரு நூலை உருவித் தீக்குச்சியைக் காட்டினாள். சாம்பலாகி உதிர்ந்தால் பருத்தி. சுருண்டு கறுப்பு மணியாக உருண்டால் நைலான். அச்சகத்து வீட்டுக் கம்பளிகள் ஒன்று பாக்கியில்லாமல் சுருண்டன. சுவெட்டர்களும் சுருண்டன. அவற்றையெல்லாம் தனியே தள்ளினாள்.

ஐயரவர்கள் கொஞ்சம் தயங்கினார். கொடுத்தவர் மனசு நோகுமே என்றுதான் தயங்கினார். வேறு நினைப்பு அவருக்கும் வரவில்லை.

"அவளுக்கு ஒருதரம் ஒட்டுனது போதும் ஐயா" என்றாள் மூக்கம்மாள். "தீ வைக்கிறவன் பின்னாலேயே திரியுற இடத்துக்கு என் கையால இதை அனுப்பமாட்டேன்."

அதற்கு யாரும் எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. வருசத்தில் முக்கால்வாசி நாள் வேர்த்துக்கொண்டே இருக்கிற ஊர். மார்கழியிலும் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டால் குளிர் போய்விடும். தீயை அவர்கள் அறிவார்கள். கழித்த துணிகளை, அச்சகங்களுக்கு மை துடைக்கிற வேஸ்ட் துணி விற்கிற பலவேசத்திடம் போட்டார்கள். பருத்தித் துணிகள் துவைத்து மடிக்கப்பட்டு, தீபாவளி லோடு ஏறிக்கொண்டிருந்த பார்சல் ஆபீஸ் ஒன்றிலிருந்து மலைக்குப் புறப்பட்டன.

தீபாவளி முடிந்ததும் கம்பெனிகள் அடைத்துவிட்டன. வேலையில்லாத நாட்கள். பெண்கள் வீட்டில் இருந்தார்கள், கடைக்குப் போவதைத் தள்ளிப்போட்டார்கள். மழை ஒருநாள் பெய்தால் நாலுநாள் விட்டுவிட்டுப் பெய்தது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து கலைகிற நேரத்தில் எழில் ஐயரவர்களுக்கு போன் பண்ணினான். சபையார் எல்லோரும் கேட்கட்டுமென்று அவர் ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார்.

துணி வந்து சேர்ந்தது என்றான். துவைத்து, மடித்து, ஒரு கிழிசல் இல்லாமல் இருந்ததைப் பார்த்து எல்லோரும் சந்தோசப்பட்டார்கள் என்றான். அவன் குறை சொல்லுகிறவன் இல்லை. ஐயரவர்கள்தான், வேறு என்ன தேவைப்படுகிறது என்று கேட்டார்.

"கம்பளி எதுவும் கிடைச்சா நல்லது ஐயா" என்றான் எழில். "நான் அப்பவே சொல்லிருக்கணும். மலைன்னா தெரியும்னு விட்டுட்டேன். சேலையை நாலா மடிச்சுப் போத்திக்கிட்டு, விடிய விடிய அடுப்பச் சுத்தித்தான் உக்காந்திருக்காக. போன வாரம் ஒரு பிள்ளை தவறிருச்சு. காய்ச்சல்ல கிடந்துச்சு. குளிரும் சேந்துக்கிருச்சு."

மூக்கம்மாள் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து மேசைக்கு வந்தாள்.

"தம்பி, அந்தக் கழுத்துல தழும்பு உள்ளவ பிள்ளையா?"

"இல்லக்கா. பக்கத்துக் குடிசை."

அவள் தலையை ஆட்டினாள். போனில் அது தெரியாது என்பது அப்புறம்தான் நினைவு வந்தது. சரி தம்பி என்றாள்.

போனை வைத்ததும் சோணைமுத்து செருமினார். "கம்பளி வந்துச்சே ஐயா. வாசல்லயே செக்கிங் பண்ணித் திருப்பி அனுப்பியாச்சுல்ல."

யாரோ ஒருவர் சிரித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். ஐயரவர்கள் மேசை விரிப்பைச் சரிசெய்தார்.

"நானும் பக்கத்துல நின்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன், மார்த்தாம்மா" என்றார். "கொடைக்கானலுக்குப் போய்வந்தவன் நான். எனக்குத் தோணல."

அவர் ஆறுதலுக்குச் சொன்னது அவளுக்கு ஆறுதலாக இல்லை. வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்தாள். கைப்பிடி அரிசியைக் கலயத்தில் போடும்போது கை நின்றது. போட்டாள். சாப்பிடவில்லை.

மறுநாள் சிவகாசிக்குப் பஸ் ஏறினாள். பலவேசம் சரக்குப் போட்டு வைக்கிற கிட்டங்கி அச்சகங்கள் இருந்த சந்துக்குள் இருந்தது. காலண்டர் சீசன். சாமி படம் போட்ட காலண்டர்களை வாசல்வரை கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருந்தார்கள். அந்தக் கட்டுகளின்மேல், தூறல் படாமல், பூப்போட்ட கம்பளிகள் விரிந்து கிடந்தன.

"வாங்கக்கா" என்றான் பலவேசம். "நைலான் மை குடிக்காது. எந்த பிரஸ்காரனும் வாங்கல. உங்க தர்மத்தை என் தலையில கட்டிட்டீக. சரி, தெரிஞ்ச பிரஸ்காரன் இடமில்லாம சரக்க இங்கன எறக்கிட்டானேன்னு இப்படிப் போட்டு வச்சேன்."

திருப்பித் தரவேண்டும் என்றாள் மூக்கம்மாள். என்ன நடந்தது என்பதையும் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான். பிறகு கம்பளிகளைத் திரும்பிப் பார்த்தான்.

"சாமி படமெல்லாம் போத்திக்கிட்டுத் தூங்குது. இப்ப உருவுனா நனைஞ்சிருமேக்கா. லோடு போக இன்னும் நாள் இருக்கு. மூட ஒரு தார்ப்பாய் கொண்டாங்க, இதை எடுத்துக்கிட்டுப் போங்க. காசெல்லாம் வேணாம்."

சுவெட்டர்களைக் கேட்டாள். மெசினில் கிரீஸ் துடைக்க அறுத்தாகிவிட்டது என்று ஒரு கையை மட்டும் எடுத்துக் காட்டினான். குழந்தைச் சுவெட்டரின் கை.

தார்ப்பாய்க்கு எங்கே போவது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தாள். அவர்கள் வீட்டில் இருந்த ஒரே தார்ப்பாய் ஆட்டுக்கொட்டகையின் மேல் கிடந்தது. தனுஷ்கோடியிடம் அதைக் கேட்கவில்லை. பலவேசம் சொன்னதை மட்டும் சொன்னாள். அவன் வெற்றிலையை மென்று முடித்துவிட்டுக் கொட்டகைமேல் ஏறிக் கயிற்றை அவிழ்த்தான். அன்று ராத்திரி மழை. ஆடுகள் வீட்டுக்குள் அவர்களோடு படுத்தன.

கம்பளிகள் வீடு வந்து சேர்ந்தன. மை நாற்றம் போக அடிபம்பில் துவைத்தாள். துவைக்கத் துவைக்க அந்த வழவழப்பு விரலில் ஏறியது. மடங்காத இரண்டு விரல்களில் உணர்ச்சி கிடையாது. மற்ற விரல்களுக்கு இருந்தது. பாதியில் கையை உதறிவிட்டு எழுந்து நின்றாள். தனுஷ்கோடி ஒரு முனையைப் பிடித்துப் பிழிந்தான்.

"என்னால முடியல" என்றாள். "அவ அடுப்பு பக்கத்துல இதைப் போத்திக்கிட்டு உக்காருவா. ஒரு பொறி போதும். அய்யம்மாளுக்கு ஒரு பொறிதான். அன்னைக்கு நல்லாருக்குடின்னு சொன்ன வாய் இது."

தனுஷ்கோடி பிழிந்ததை வேலியில் விரித்தான்.

"தீயில செத்தவள நீ பாத்துருக்க" என்றான். "குளிருல செத்தவள நீ பாத்ததில்ல. அம்புட்டுதான் புள்ள வித்தியாசம்."

அவள் அன்று மீதியையும் துவைத்து முடித்தாள். வேலி நெடுகப் பூப்போட்ட கம்பளிகள் காய்ந்தன. காய்ந்துகொண்டிருக்கும்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. கம்பெனி வாசலில் தொங்கிய பையைச் சீசன் முடிந்ததும் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். அதிலிருந்து ஒரு பருத்திச் சேலையை எடுத்தாள், நீலத்தில் கட்டம்போட்ட கரை. இரண்டாக மடித்துக் கம்பளியை நடுவில் வைத்துப் பார்த்தாள். நாலு பக்கமும் தைத்துவிட்டால் நைலான் உள்ளே போய்விடும். பொறி வந்தாலும் முதலில் பருத்தியில்தான் விழும். தட்டி அணைக்க ஒரு மூச்சு நேரம் கிடைக்கும்.

கோயில் அறையில் உட்கார்ந்து தைத்தார்கள். வேலையில்லாத பெண்கள் வந்தார்கள். வீட்டுக்கு ஒன்றாகப் பழைய பருத்திச் சேலைகள் வந்தன. அழகுமீனாவும் வந்தாள். கம்பெனிக்குள்ளே ஊசி ஆகாது என்று பிடுங்கிக்கொள்கிற அக்கா கோயிலில் ஊசியைக் கையில் கொடுக்கிறாளே என்றாள். மூக்கம்மாள் தைத்ததையெல்லாம் இழுத்துப் பார்த்தாள். தையல் இடைவெளி விட்டிருந்தால் பிரித்துத் திருப்பித் தைக்கச் சொன்னாள். பிள்ளை குளிரில் கிடக்கும்போது இத்தனை நறுவிசு வேண்டுமா என்று ஒருத்தி முணுமுணுத்தாள். சரியான கேள்விதான். ஆனாலும் பிரிக்கச் சொன்னாள். இடது கையால் துணியைப் பிடிக்க முடியாமல் முழங்காலால் அழுத்திக்கொண்டு அவளும் தைத்தாள். இடுப்பு விட்டுப்போயிற்று. சோணைமுத்து ஒருநாள் எட்டிப்பார்த்துவிட்டு, பேசாமல் போய், வடநாட்டுக்காரர்கள் பைக்கில் விற்றுக்கொண்டு வருகிற கம்பளியில் இரண்டை வாங்கிவந்து வைத்தார். அவையும் நைலான்தான். அவற்றுக்கும் உறை தைத்தார்கள்.

மூட்டை போனதும் எழிலிடம் மூக்கம்மாளே பேசினாள்.

"தம்பி, உறையப் பிரிக்க வேண்டாம்னு சொல்லு. அடுப்புப் பக்கம் போகும்போது கழட்டி வச்சுட்டுப் போகச் சொல்லு. அவுக பாசையில சொல்லு."

"சொல்றேன்க்கா. ஆனா இங்கன அடுப்பு பக்கத்தத் தவிர உக்கார வேற இடம் இல்லக்கா."

"சொல்லு தம்பி. நீ சொல்லிரு."

பொங்கல் கழித்துக் கம்பெனிகள் பூசை போட்டுத் திறந்தன. திறந்த அன்று காலையில் மணி அடித்ததும் எல்லோரும் தூக்கோடு கோயிலுக்கு வந்தார்கள். ஜெபம் முடிந்து எழுந்தபோது ஐயரவர்கள் மூக்கம்மாளைக் கையசைத்துக் கூப்பிட்டார். எழில் ஒரு படம் அனுப்பியிருந்தான்.

மலைக்காரிதான். சிரித்துக்கொண்டிருந்தாள். தார்ப்பாய்க்கு அடியில், மூன்று கல் வைத்த அடுப்பை ஒட்டிக் குத்தவைத்திருந்தாள். தோளைச் சுற்றிப் பூப்போட்ட கம்பளி, உறை இல்லாமல், பளபளவென்று. ஐயரவர்கள் விரலால் படத்தைப் பெரிதாக்கினார். உறை அவள் முதுகில் இருந்தது. நெடுக மடித்து, குறுக்காகச் சுற்றி, அதில் பிள்ளையைக் கட்டியிருந்தாள். நீலத்தில் கட்டம்போட்ட கரை. பிள்ளையின் தலை மட்டும் வெளியே தெரிந்தது.

"பிரிச்சுட்டாளே" என்றார் ஐயரவர்கள். "எழில்கிட்ட ஒருதரம் சொல்லச் சொல்லவா?"

மூக்கம்மாள் படத்தையே பார்த்தாள். கம்பளியின் ஓரம் அடுப்புக் கல்லிலிருந்து ஒரு கை தூரம்கூட இல்லை. பிள்ளையைக் கட்டக் கெட்டியான பருத்தி வேண்டும். வழவழப்பில் முடிச்சு நிற்காது. அவளுக்கே அப்படி ஒரு பிள்ளை இருந்து, அப்படி ஓர் இடத்தில் உட்கார நேர்ந்தால், முதல் நாளே பல்லால் கடித்துத் தையலைப் பிரித்திருப்பாள்.

"வேண்டாம் ஐயா" என்றாள். "பிள்ளைக்கு வேணும்ல."

ஹாரன் அடித்தது. வேனில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். மற்றவர்கள் கூலி கூட்டித் தருவார்களா என்று பேசிக்கொண்டு வந்தார்கள். ஜெபம் கோயிலிலேயே முடிந்துவிட்டதுதான். மனசுக்குள் இன்னொருதரம் சொல்லிக்கொண்டாள். இவ்வளவு நாளும் தீ வைக்கிறவன் கையிலிருந்து காப்பாற்றும் என்றுதான் கேட்டிருந்தாள். இப்போது அதன் பின்னால், அடுப்பு அடுப்பாகவே இருக்கட்டும் ஆண்டவரே, என்று சேர்த்துக்கொண்டாள். வேறு எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை.

வாசலில் வரிசை நின்றது. கொண்டை, கொலுசு, முந்தி. அழகுமீனா பருத்தியில் வந்திருந்தாள். நடுவில் ஒரு புதுப்பெண், வெம்பக்கோட்டைப் பக்கத்தவள், முதல்நாள் வேலை. முந்தியைத் தொட்டதும் விரல் நின்றுவிட்டது.

"திரும்பு" என்றாள் மூக்கம்மாள்.

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கம்மாள் வழக்கம்போலப் புளியமரத்தைக் காட்டப் போனாள். கிளையில் பை இல்லை. பையில் இருந்ததெல்லாம் மலைக்குப் போயிருந்தது. வேன்கள் திரும்பிப் போய்விட்டன. பஸ் பிடித்து வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வருவதற்குள் கேட்டை அடைத்துவிடுவார்கள்.

கொஞ்சநேரம் அந்தச் சேலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வயலெட்டில் மஞ்சள் பூ. பிறகு வரிசையில் இருந்த அழகுமீனாவை வாசலைப் பார்க்கச் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணைச் சாப்பாட்டுக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது அந்தப் பெண் மூக்கம்மாளின் பருத்திச் சேலையில் இருந்தாள். மூக்கம்மாள் வயலெட்டுப் பூனத்தில் இருந்தாள். உள்ளே போகிறவளுக்குத்தானே பருத்தி வேண்டும், இவள் வேலை வாசலுக்கு வெளியே.

"எக்கா, மாப்ள வீட்டுக்காரவுக பாக்க வந்த பொண்ணு மாதிரி இருக்கீக" என்றாள் அழகுமீனா. யாரும் சிரிப்பதற்குள் அவளே வாயை மூடிக்கொண்டாள். அய்யம்மாள் கதை அவளுக்கும் தெரியும்.

மூக்கம்மாள் அடுத்தவளைக் கூப்பிட்டாள். வரிசை முடிந்து கேட்டை அடைத்ததும் மரத்தடியில் உட்கார்ந்தாள். வெயில் ஏறியது. வேர்வையில் சேலை முதுகிலும் தொடையிலும் ஒட்டியது. எடுத்து விட்டாள், மறுபடி ஒட்டியது. கொஞ்சநேரத்துக்குப் பிறகு எடுத்துவிடுவதை நிறுத்திவிட்டாள். சாயங்காலம் வேன் வரும்வரை அது உடம்போடு அப்படியே இருந்தது.